ஏரியில்லாக் கோட்டை: அப்புத்தளை அடிஷாம் மாளிகையின் வரலாறு

அப்புத்தளை நகரம் மலை முகடு ஒன்றின் மேல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. முகட்டின் தெற்கு முகம் ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைப் பக்கமாகச் செங்குத்தாக இறங்கித் தாழ்நிலத்தில் முடிகிறது. வானம் தெளிந்த காலைகளில் அங்கிருந்து உடவளவை நீர்த்தேக்கம் வரை பார்வை எட்டும். வடக்கு முகம் பண்டாரவளை, வெலிமடைப் பக்கமாக அலையலையாகச் சரிகிறது. வடக்கே விழும் மழை உமா ஓயாவில் இறங்கி, மகாவலியோடு கலந்து, திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. தெற்கே விழும் மழை வளவை கங்கையிலும் கிரிந்தி ஓயாவிலும் சேர்ந்து தென்கடலுக்குப் போகிறது. நீர் இரண்டாகப் பிரியும் இடத்தில் நீர் தங்குவதில்லை. அதனால் ஐரோப்பிய மலைநாடுகளின் படங்களில் காணும் ஏரியும் அதன் கரைக் கோட்டையும் ஊவா மலைகளுக்கு வாய்க்கவில்லை. இந்தப் பகுதியின் நீர்நிலைகள் எல்லாம் மனிதர் கட்டியவை. மஹியங்கனையின் சொரபொர குளம் பழைய காலத்து நீர்ப்பாசனக் குளம். மாகாண எல்லைக்கு அப்பால் நுவரெலியாவில் உள்ள கிரகரி ஏரி, ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் அமைத்தது. ஊவாவின் மேட்டுநிலத்தில் கடைசியாகத் தேங்கிய நீர், 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தின் புஹுல்பொல, டைராபா நீர்த்தேக்கங்கள்.

ஏரி இல்லாவிட்டாலும் கோட்டை ஒன்று உண்டு. அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், தங்கமலைக் காட்டை ஒட்டி நிற்கும் அடிஷாம் மாளிகை அது. 1931இல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் கென்ட் கோட்டத்திலுள்ள லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டது என்பர். லீட்ஸ் கோட்டையின் புகழே அது ஓர் ஏரியின் நடுவே நிற்பதுதான். லென் ஆற்று நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரியில், சிறு தீவுகளின் மேல் அது நிற்கிறது. மாதிரியை எடுத்து வந்தவரால் ஏரியை எடுத்து வர முடியவில்லை. அந்தக் குறையை மழைக்காலத்தில் தெற்குப் பள்ளத்தாக்கை நிரப்பும் மூடுபனி ஓரளவு தீர்த்து வைக்கிறது.

ஊவாவில் இதற்கு முன்னும் கோட்டைகள் இருந்தன. அவை போருக்காக எழுந்தவை. ஹல்துமுல்லைக்கு அருகே கட்டுகொடெல்லையில் சிதைந்து கிடக்கும் கல் அரண் போர்த்துக்கேயர் காலத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா பெரும் படையோடு ஊவாவுக்குள் ஏறி வந்து பதுளையைக் கொளுத்தினார். திரும்பும் வழியில் ரந்தெனிவெலையில் அவர் படை அழிந்தது, அவரும் மாண்டார். பிறகு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் எந்த ஐரோப்பியராலும் இந்த மலைகளைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. இரண்டே ஆண்டுகளில் ஊவா கிளர்ந்தது. 1817-18 கிளர்ச்சியை ஆளுநர் பிரவுன்றிக் அடக்கிய விதம் கொடூரமானது. ஊர்கள் கொளுத்தப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன. கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பர் 26ஆம் நாள் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊவாவில் பின்னாளில் எழுந்த தோட்டங்களின் கதையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆட்கள் குறைந்து, உரிமை கேட்பார் இன்றிக் கிடந்த நிலத்தை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் அரசுக் காணியாக்கியது. அரசு அதை ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற மலிவு விலைக்கு விற்றது. வாங்கியவர்களில் ஆளுநர்கள், படை அதிகாரிகள், நீதிபதிகள், பாதிரிமார் எல்லோரும் இருந்தார்கள்.

அந்தக் காலத்து ஊவாவில் அரசாங்கத்தின் முகமாக இருந்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் இருந்துகொண்டு பாதைகளை வெட்டுவித்தார், வழக்குத் தீர்த்தார். மீதி நேரமெல்லாம் யானை சுட்டார். அவர் கொன்ற யானைகள் 1,400க்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். இத்தனை யானைகளைக் கொன்றவருக்கு இது தெய்வம் கொடுத்த கூலி என்று மலைநாட்டார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. அவர் நினைவுக் கல் பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் இருக்கிறது, கல்லறை நுவரெலியாவில்.

காணியை வாங்கியவர்கள் காப்பி பயிரிட்டார்கள். காட்டை வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி வந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறிய அந்தப் பயணத்தில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் மாண்டவர்கள் பல்லாயிரம். ஊவாவுக்கு வந்தவர்களுக்கு மாத்தளையோடு நடை முடியவில்லை. இன்னும் பல நாள் மலைப்பாதை மிச்சமிருந்தது. காப்பிக் காலத்தில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை வந்த பிறகுதான் அவர்கள் இங்கேயே தங்கும் சமூகமாக ஆனார்கள்.

காப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் தென்பட்ட இடமும் ஊவாதான். பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் துகளாகத் தெரிந்தது, பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பியையே முடித்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டங்கள் கைமாறின, நொடித்துப்போன காப்பிக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். அப்படி வாங்க வந்தவர்களில் பெயர் பெற்றவர் கிளாஸ்கோவின் மளிகை வணிகர் தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கை வந்த அவர் அப்புத்தளையைச் சூழ்ந்த தம்பேத்தன்னை, லேமஸ்தோட்டை, மொனரக்கந்த தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து பெட்டிவரை இடையில் தரகர் இல்லை என்பதே அவருடைய வியாபாரத்தின் விளம்பரம். தம்பேத்தன்னைத் தோட்டத்துக்கு மேல் அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் உச்சி 'லிப்டன் சீட்' என்று இன்றும் பயணிகளை இழுக்கிறது.

இதற்கிடையில், 1886இல், மத்திய மாகாணத்திலிருந்து பிரிந்து ஊவா தனி மாகாணமானது. பதுளை அதன் தலைநகர். மாகாணத்தின் பெருங்குறை பாதை. தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் ஹல்துமுல்லை வழியாக இறங்கவோ, நுவரெலியாப் பக்கம் ஏறவோ வேண்டியிருந்தது. புகையிரதம் 1885இல் நானு ஓயாவோடு நின்றிருந்தது. அதைத் தாண்டினால் 1,898 மீட்டர் உயரத்தில் பட்டிப்பொல உச்சி. அதன் பின் சுரங்கம் சுரங்கமாக ஒஹிய, இதல்கஸ்ஹின்ன. 1893இல் பாதை அப்புத்தளையைத் தொட்டது, அடுத்த ஆண்டு பண்டாரவளையை. பதுளைக்கு வண்டி போய்ச் சேர 1924 வரை ஆயிற்று. புகையிரதம் வந்த பின் அப்புத்தளைக் குளிர் ஒரு விற்பனைப் பொருளாயிற்று. கொழும்புப் புழுக்கத்திலிருந்து தப்ப நினைத்த வெள்ளைக்காரர்கள் ஓர் இரவுப் பயணத்தில் இங்கே வந்துவிடலாம். ஓய்வு இல்லங்களும் விடுதிகளும் எழுந்தன. அடிஷாம் மாளிகை இந்த வரிசையில் வந்தது. அளவிலும் செலவிலும் மற்றவற்றை அது மிஞ்சியது.

அதைக் கட்டியவர் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். பிறந்தது 1869இல். தந்தை கென்ட் கோட்டத்தின் அடிஷாம் என்னும் சிற்றூரின் பாதிரியார். தாய், பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் மகள். பிரபு குலம், ஆனால் சொத்து பெரிதாக இல்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடியேற்ற நாடுகளே பிழைப்பு. 1887இல், பதினெட்டு வயதுப் பையனாக, இலங்கை வந்து தோட்டத்தில் 'கிரீப்பர்' ஆகச் சேர்ந்தார். அதாவது சம்பளமில்லாமல் தொழில் பழகும் சின்னஞ்சிறு துரை. அதிகாலைப் பிரட்டில் நிற்பது, மலை மலையாக நடந்து கவ்வாத்தும் கொழுந்தும் பார்ப்பது, கணக்கப்பிள்ளையிடம் செக்ரோல் படிப்பது என்று அந்தப் பழகு காலம் கழியும். தமிழ் கற்பதும் அதில் அடக்கம். தோட்டத் துரைகளுக்கென்றே 'இங்கே வா' என்ற பெயரில் ஏ. எம். ஃபெர்குசன் ஒரு தமிழ்க் கைநூல் வெளியிட்டிருந்தார்.

தோட்டத் துரையாகவே இருந்திருந்தால் வில்லியர்ஸ் கல் மாளிகை கட்டியிருக்க மாட்டார். பெரிய துரையின் பங்களா எவ்வளவு விசாலமானாலும் அது கம்பனியின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். பணம் திரண்ட இடம் கொழும்புக் கோட்டையின் ஏஜென்சி நிறுவனங்கள். தோட்டத்தின் உடைமையாளர் இலண்டனில் பதிவான கம்பனி. பங்குதாரர்கள் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் சார்பில் துரையை நியமிப்பது, தொழிலாளருக்கு அரிசி வரவழைப்பது, உரமும் இயந்திரமும் வாங்குவது, தேயிலையைக் கப்பலேற்றி விற்பது, விசிட்டிங் ஏஜென்டை அனுப்பிக் கணக்குப் பார்ப்பது எல்லாம் கொழும்பு நிறுவனத்தின் பொறுப்பு. ஒவ்வொரு படியிலும் அதற்குத் தரகு உண்டு. தேயிலை விலை ஏறினாலும் இறங்கினாலும் தரகு வந்துகொண்டிருந்தது. இந்த நிறுவனங்களில் மிகப் பழையது 1835இல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்ற கப்பல் தலைவர் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனி. வில்லியர்ஸ் அதன் தலைவராக உயர்ந்தார். சட்டநிருபண சபையிலும் உறுப்பினராக இருந்தார். கொழும்பு வணிக நிறுவனங்களின் வரலாற்றை 1940இல் ஒரு நூலாகவும் எழுதினார். அவர் நண்பர்களும் போட்டியாளர்களுமே அந்தக் கதையின் மாந்தர்கள். தோட்டத்தில் உழைத்தவர்களை அந்த வகை நூல்களில் தேடிப் பயனில்லை.

மாளிகைக்குத் தம் பிறந்த ஊரின் பெயரையே வைத்தார். சுவர்கள் செதுக்கிய கருங்கல். கூரைக்கு ஓடு இல்லை. பர்மாத் தேக்கில் சீவிய பலகைச் சில்லுகள். கதவு, சன்னல், தளம் எல்லாவற்றுக்கும் அதே தேக்கு. உயர்ந்த புகைபோக்கிகள், குறுகிய நீள் சன்னல்கள், கோபுரம் போன்ற முகப்பு என்று பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் டியூடர், ஜகோபியன் பாணிகளின் கலவை. கம்பளங்கள், பீங்கான், தளபாடம், கண்ணாடிப் பொருட்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. வீட்டைச் சுற்றி ரோசாத் தோட்டமும் தோடைத் தோப்பும் போடப்பட்டன.

மாதிரிக்கே ஒரு மாதிரி உண்டு என்பது இங்கே சுவையான செய்தி. லீட்ஸ் கோட்டை 1119இல் நோர்மானியப் பிரபு ஒருவர் தொடங்கிய அரண். முதலாம் எட்வர்ட் அரசனும் அரசி எலினோரும் அதை விரும்பி வைத்திருந்தார்கள். எட்டாம் ஹென்றி தன் முதல் மனைவி கத்தரீனுக்காக அதை அரண்மனையாக்கினான். ஆனால் இன்று ஏரிக்கு நடுவே படம் எடுக்கப்படும் முதன்மைக் கட்டடம் 1820களில், டியூடர் பாணியில் புதிதாகக் கட்டப்பட்டது. அப்புத்தளையில் எழுந்தது, பழையதைப் போலச் செய்த ஒன்றைப் பார்த்து மறுபடியும் செய்தது. குளிர் மட்டும் அசல்.

மாளிகை முடிந்த 1931, இலங்கைக்கு இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்தது. தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன, சம்பளம் வெட்டப்பட்டது, ஆட்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 1933இல் வந்த பிறகே விலை நிமிர்ந்தது. அதே 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் நடந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் அந்த வாக்குரிமை நிபந்தனைகளோடு வந்தது. நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்பதை நிறுவ வேண்டும், அல்லது அதற்கான சான்றிதழ் பெற வேண்டும். அப்புத்தளை மலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்த ஒரு வெள்ளையர் தாய்நாட்டின் நினைவாக மாளிகை எழுப்பிய ஆண்டில், அதே மலையில் மூன்று தலைமுறையாகக் கொழுந்தெடுத்த குடும்பங்கள் இது தம் நாடு என்று காகிதத்தில் காட்ட வேண்டியிருந்தது.

அவர்கள் இருந்த லயங்களைப் பற்றி நூல்களில் கிடைப்பது பெரும்பாலும் அளவுகள்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். துரை பங்களாவுக்கு முகடும் காட்சியும் கிடைத்தன. ஸ்டோருக்கு நீரோடையும் பாதையும் கிடைத்தன. தேயிலை நடத் தகாத மிச்சச் சரிவுகள் லயங்களுக்குப் போயின. இந்த இட ஒதுக்கீட்டின் விலை நெடுங்காலம் கழித்தும் தெரிந்தது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தையின் மீரியபெத்தத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. அப்புத்தளை முகட்டின் அதே தெற்கு முகம்தான் அது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது.

1939க்குப் பிறகு ஊவாத் தோட்டங்களில் தொழிற்சங்கம் வேர்விட்டது. 1940இல் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் தொடர்ந்து நடந்தன. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களில் ஒன்று பதுளை, அங்கிருந்து எஸ். எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவு செய்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இலங்கை ஏற்கவும் எண் போட்டது. அப்புத்தளை, பண்டாரவளை நிலையங்களில் ஏறித் தலைமன்னாருக்குப் போன குடும்பங்களின் பயணம் அதிலிருந்து தொடங்கியது. பாட்டன்மார் நடந்து ஏறிய மலையை அவர்கள் புகையிரதத்தில் இறங்கினார்கள்.

வில்லியர்ஸ் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார், 1959இல் இறந்தார். மாளிகை இலங்கைச் செல்வர்கள் கைக்கு வந்தது. விஜேவர்த்தன குடும்பத்தின் செதவத்தை மில்ஸ் நிறுவனம் அதை வைத்திருந்தது. சுதந்திரத்துக்குப் பின் மலைநாட்டு மாளிகைகள் பலவும் போன வழி இதுதான்: துரையிடமிருந்து கொழும்பு முதலாளியிடம், அவரிடமிருந்து விடுதிக்கோ அரசுத் திணைக்களத்துக்கோ. அடிஷாம் வேறு வழியில் போனது. 1961இல் கத்தோலிக்கத் திருச்சபை அதைப் பெற்று சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தது.

இந்தத் துறவிகள் இலங்கைக்குப் புதியவர்கள் அல்லர். 1231இல் இத்தாலியின் மொன்தெஃபானோவில் புனித சில்வெஸ்தர் நிறுவிய சபை அது. மாளிகை முடிந்த ஆண்டுக்குச் சரியாக எழுநூறு ஆண்டு முந்தியது. 1845இலிருந்தே அவர்கள் இலங்கையில் பணியாற்றினார்கள், கண்டி மறைமாவட்டத்தைக் கட்டியெழுப்பினார்கள். ஊவாவுக்கென்று பதுளை மறைமாவட்டம் 1972இல் பிரிந்தபோது அதன் முதல் ஆயரான லியோ நாணயக்காரவும் இதே சபையைச் சேர்ந்தவர். தோட்டத் தொழிலாளர், காணியற்ற விவசாயிகள் பக்கம் நின்று பேசிய ஆயர் என்று அவர் நினைவுகூரப்படுகிறார். அவர் பொறுப்பேற்ற ஆண்டில் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஏஜென்சி நிறுவனங்களின் தோட்ட ஆட்சி அத்தோடு முடிந்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது.

மாளிகை புனித பெனடிக்ற் மடமானது. புகுமுகத் துறவிகள் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். சிற்றாலயத்தில் புனித சில்வெஸ்தரின் எலும்புத் துண்டு ஒன்று திருப்பண்டமாக வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் அமைப்பை மடத்தார் கலைக்கவில்லை. வில்லியர்ஸ் காலத்துத் தளபாடம் வரவேற்பறையிலும் நூலகத்திலும் அப்படியே இருக்கிறது. ஆடம்பரத்துக்காகக் கட்டிய வீட்டை எளிமைக்கு நேர்ந்துகொண்டவர்கள் தூசு தட்டிப் பேணுவதைச் சற்றுக் குறும்பான விதியென்றே சொல்ல வேண்டும்.

வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் பார்வையாளரை அனுமதிக்கிறார்கள். பார்க்கக் கிடைப்பது சில அறைகளும் தோட்டமும்தான். மற்றவை துறவிகளின் குடியிருப்பு. வாசலருகே மடத்தின் கடை உண்டு. தோட்டத்துப் பழங்களிலிருந்து துறவிகள் செய்யும் ஜாம், கொய்யா ஜெல்லி, கோர்டியல் போத்தல்கள் அங்கே விற்கப்படுகின்றன. பதுளை, பண்டாரவளையிலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் இவற்றை வாங்காமல் திரும்புவதில்லை. மாளிகையை ஒட்டிய தங்கமலைக் காடு 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. மலைநாட்டுப் பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். அப்புத்தளையிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம் போதும். தேயிலை மலைகளின் ஊடாக நடந்து வருகிறவர்களும் உண்டு. வறண்ட காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணம் ஏறும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் அந்த மலைகளில் கொழுந்து மும்முரமாக எடுக்கப்படுகிறது.